கரும்புக் காட்டிலிருந்து வந்த கால்

ஜட்ஜையா ஏகாம்பரம் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வாசலில் போட்ட பந்தலைப் பிரிக்க ஆட்கள் மூங்கிலில் ஏறியிருந்த காலை நேரத்தில், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பஞ்சாப் எல்லையில் ஒரு கரும்புக் காட்டில் அவர் விட்டுவிட்டு வந்த இடது கால், பாலாற்று மணலைத் தாண்டி, பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கள் செம்பேட்டின் கச்சேரித் தெருவுக்குள் நடந்து வந்தது.

முழங்காலுக்குக் கீழே உள்ள கால் மட்டும்தான். ஒரு அடி வைத்து, கூட வராத இன்னொரு காலுக்காகக் கொஞ்சம் காத்திருந்து, அது வராது என்று தெரிந்த பிறகு மறுபடி ஒரு அடி வைத்து, அப்படியே வந்தது. பூட்ஸ் வழியில் எங்கோ தேய்ந்து போயிருக்க வேண்டும், வெறுங்காலாக இருந்தது. ஆந்திராவின் செம்மண்ணும் நாங்கள் பெயர் அறியாத ஊர்களின் கருப்பு மண்ணும் கணுக்காலில் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. பேருந்து நிலையத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த சரோஜா தன் கூடையை நகர்த்தி அதற்கு வழிவிட்டாள். வேலூர் வண்டியின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே அது ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்தார். யாரும் கூச்சல் போடவில்லை, ஓடவில்லை. ஏனென்றால் அந்தக் காலை எங்களுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பார்த்ததில்லையே தவிர, வெளியூரில் வேலைபார்க்கும் உறவுக்காரனைப் பற்றி வீட்டில் பேசிக் கேட்டதுபோல அதைப் பற்றிப் பல வருஷம் கேட்டிருக்கிறோம்.

ஜட்ஜையாவே பேசுவார். கோர்ட்டில் யாராவது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது சில நாள் சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். மேசைக்கு அடியில் தன் கட்டைக்காலைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் இரப்பா, அங்க மழை போலிருக்கு, கால் நனையுது" என்பார். வெளியே எங்கள் ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். வக்கீல்கள் தலை குனிந்து நிற்பார்கள். மழை நின்றதும் அவர் கையை இறக்குவார், விசாரணை தொடரும்.

பட்டாளத்திலிருந்து ஒற்றைக் காலோடு வந்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. ஊரில் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டாதவர்கள் இல்லை. அந்தச் சத்தம் பிடிக்காமல்தான் மெட்ராஸுக்குப் போய் சட்டம் படித்தேன் என்று பிற்காலத்தில் சொல்வார். முன்சீப் ஆனார், சப் ஜட்ஜ் ஆனார், பல ஊர் சுற்றிக் கடைசியில் எங்கள் ஊருக்கே ஜில்லா ஜட்ஜாக வந்து ஓய்வு பெற்றார். எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகச் சாட்சிக் கூண்டுக்குள் ஒரு ஸ்டூல் போடச் சொல்வார். "நிக்க வச்சுக் கேட்டா மனுஷன் காலைப் பத்தித்தான் யோசிப்பான், உண்மையைப் பத்தி யோசிக்க மாட்டான்" என்பார். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், வாதி பிரதிவாதி இருவரையும் பார்த்து, "சொல்லி முடிச்சிட்டியாப்பா? இன்னும் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுபடி உட்கார்ந்து கேட்பார். அவருடைய கோர்ட்டில் வழக்குகள் தாமதமாகத்தான் முடிந்தன. ஆனால் தோற்றவன்கூட வயிறு நிறைந்தவன்போல வீட்டுக்குப் போனான்.

கால் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மருமகள் தமயந்தி காரியத்துக்கு வாங்கிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பந்தல்காரர்களின் சுத்தியல் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்வதைப்போலவே, "வாங்க மாமா" என்றாள். மண்ணெல்லாம் கரையக் கரைய ஊற்றிக் கழுவினாள்.

கழுவக் கழுவத்தான் தெரிந்தது, அது இளைஞனின் கால். கெண்டைச் சதை இறுகியிருந்தது. முடி கருகருவென்று இருந்தது. நகங்கள் மட்டும் நடந்து நடந்து தேய்ந்திருந்தன.

தமயந்தியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவளுக்கும் அந்தக் காலுக்கும் பழக்கம் ஆரம்பித்துவிட்டது. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, ஜட்ஜையா மட்டும், "உனக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். அவள் அப்பா பதறிப்போய் அவளைப் பார்த்தார். அவள் யோசித்துவிட்டு, "கால் வலிக்குமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "இருக்கிற கால் வலிக்காதும்மா. இல்லாத கால்தான் வலிக்கும்" என்றார். அவள் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகியிருந்தாள். ஆகவே தினமும் சாயங்காலம் ஜட்ஜையா கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்ததும் தமயந்திதான் நல்லெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவருவாள். முதலில் முழங்காலுக்குத் தேய்ப்பாள். பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் கையை விட்டு, கெண்டைச் சதை இருக்க வேண்டிய இடத்தில், கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக்குத் தேய்த்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம் கீழம்மா. ஆ, அங்கதான்" என்பார் அவர். கண்ணை மூடிக்கொள்வார். அவளுக்கு எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று வருஷங்களில் பழகிப்போனது.

கடைசி இரண்டு வருஷம் சுண்டுவிரலுக்கு அடியில் முள் குத்தியிருப்பதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காற்றில் எவ்வளவோ தடவிப் பார்த்தும் அந்த முள் மட்டும் அவள் கைக்கு அகப்படவில்லை. இப்போது குதிகாலை மடியில் தூக்கிவைத்துப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு வேலமுள் கருத்துப்போய் உள்ளே ஏறியிருந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து மெல்ல நெம்பி எடுத்தாள். கால் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. மாமனார் இறந்ததிலிருந்து அன்றுவரை, வந்தவர்களுக்குக் காப்பி போடுவதிலும் பாய் விரிப்பதிலும் அழ நேரமில்லாமல் இருந்த தமயந்தி, பந்தல்காரர்கள் மூங்கிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை எங்கள் தெருவின் கடைசி வீடுவரை கேட்டது. நாங்கள் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு வந்தோம்.

ஜட்ஜையாவின் மகன் கஜபதி மார்க்கெட் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் கையில் வார்னிஷ் வாசனையோடு ஓடிவந்து பார்த்தான். "என்னைவிடச் சின்னவரா இருக்காரே தமயந்தி" என்றான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. கட்டைக்கால் அப்பாவோடு வளர்ந்த பிள்ளை அவன். அப்பா ஓடிவந்து தூக்கியதில்லை, கூட நடந்து பள்ளிக்கூடத்தில் விட்டதில்லை. மறுநாள் காலையில் அவன் கடைக்குப் போகாமல் ஏரிக்கரையில் நடக்கக் கிளம்பினான். கால் கூடவே போனது. அது ஒரு அடி வைத்துக் காத்திருக்கும்போது அவனும் காத்திருந்தான். பிறகு தினமும் அப்படித்தான். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், "அப்பாவும் புள்ளையும் வாக்கிங் போறாங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் அந்தக் காலை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து கணுக்காலில் விரல் வைத்துப் பார்த்து, நாடி நன்றாகத்தான் இருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காரியம் பண்ணிவைத்த ஐயர்தான் குழம்பிப்போனார். உடம்பை எரித்தாகிவிட்டது, சாம்பலைக் கரைத்தாகிவிட்டது, இப்போது உயிரோடு ஒரு பாகம் வந்து நின்றால் இந்த வீட்டுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று அவர் பல பேரிடம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், வீட்டுக்குத் தீட்டு இல்லை, ஆனால் பொங்கலுக்குக் கரும்பு மட்டும் வாங்க வேண்டாம் என்று தானே ஒரு முடிவு சொன்னார். அது சரியென்று எங்களுக்கும் பட்டது.

வக்கீல் சங்கம் கோர்ட் ஹாலில் ஜட்ஜையாவின் படத்தைத் திறந்துவைப்பதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சங்கத் தலைவர் மாசிலாமணி வீட்டுக்கு வந்து, படத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுகிறோம், ஐயாவின் கால் அதில் இருக்கட்டும், இந்தியாவில் எந்தக் கோர்ட்டுக்கும் கிடைக்காத பெருமை என்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வேனில் வந்து, மெடல்களைக் குத்திக்கொண்டு, காலுக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். அப்போது அந்தக் காலும் குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி விறைத்து நின்றது.

அவர்களைத் தொடர்ந்து பெண்கள் வந்தார்கள்.

எங்கள் ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. போனவர்களில் திரும்பி வராதவர்கள், ஒரு உடம்போ சாம்பலோகூட வந்து சேராதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள், தங்கைகள், மகள்கள், இப்போது வயதானவர்கள், ஒரு கால் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வந்து கச்சேரித் தெருவில் வரிசையாக நின்றார்கள். இது ஜட்ஜையாவின் கால்தான் என்று நாங்கள் சொன்னோம். "தெரியும் சாமி, ஒரு தபா பாத்துட்டுப் போறோம்" என்றார்கள். தமயந்தி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து, பார்த்து, தொட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தங்களுடைய காலும் இப்படி வழியில் எங்கேயாவது வந்துகொண்டிருக்கும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

நாகபூஷணம் அப்படி வந்தவள்தான். வாலாஜா பக்கத்தில் ஒரு கிராமம். எழுபது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி, கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வந்ததும் தரையில் உட்காரப் போனவளைத் தமயந்தி தடுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் அந்தச் சண்டையிலதாம்மா போனாரு" என்றாள் நாகபூஷணம். "காணலைன்னு தந்தி வந்துச்சு. செத்துட்டாருன்னு வரலை. அதனால நான் பொட்ட அழிக்கல. ஊருல என்னை ஒரு நல்ல காரியத்துக்கும் கூப்புட மாட்டாங்க, ஒரு கெட்ட காரியத்துக்கும் கூப்புட மாட்டாங்க. எதுல சேக்கறதுன்னு அவங்களுக்கே தெரியல."

"பாத்தா அடையாளம் தெரியுமாம்மா?"

"மூஞ்சி தெரியாது. கால் தெரியும்."

தமயந்திக்குப் புரியவில்லை. நாகபூஷணம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"கண்ணாலம் ஆயி லீவு முடியற வரைக்கும்தான் கூட இருந்தாரு. அந்தக் காலத்துல புதுப் பொண்ணு தலையத் தூக்கிப் புருஷனப் பாத்தா ஏசுவாங்க. மாமியாக்காரி எப்பவும் பக்கத்துலயே நிப்பா. சோறு போடறப்ப, தண்ணி குடுக்கறப்ப, நான் பாத்ததெல்லாம் அவரு கால்தான். அடுத்த லீவுல நிமுந்து பாத்துக்கலாம்னு இருந்தேன். போட்டோவும் ஒண்ணும் எடுக்கல. இன்னைக்கும் கண்ண மூடினா ரெண்டு காலுதான் வந்து நிக்கும்."

சொல்லிவிட்டு அவள் எழுந்து காலுக்கு அருகே போனாள். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தமயந்திக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற எங்களில் சிலர், பாவம், ஆமாம் என்றே சொல்லட்டும் என்று நினைத்தோம். நாகபூஷணம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இல்லம்மா. அவருக்குக் கட்டவிரலு வெளிப்பக்கமா வளஞ்சிருக்கும். இது அவரு இல்ல."

தமயந்திக்குப் பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சைக் கேட்டு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாகபூஷணமோ கிளம்பவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது தமயந்தியின் வாயில், அவள் யோசிக்காமலேயே, மாமனாரின் கேள்வி வந்தது.

"சொல்லி முடிச்சிட்டீங்களாம்மா? இன்னும் இருக்கா?"

"இன்னும் கீதும்மா" என்றாள் நாகபூஷணம். "இதுக்கு வந்த வழி தெரியும் இல்ல? திரும்பிப் போவச் சொன்னா போவுமா? நான் பின்னாலயே போயிடறேன். எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். எங்க உழுந்தாருன்னு பாத்துட்டா, அப்புறம் நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

பல வருஷத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் தமயந்தியின் நினைவுக்கு வந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அன்று அதிசயமாக இங்கேயும் மழை, அங்கேயும் மழை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் ஜட்ஜையா தானாகவே பேசினார்.

"அந்தக் கரும்புக் காட்டுல என் பக்கத்துல ஒருத்தன் கிடந்தாம்மா. தமிழ்லதான் முனகினான். வேற கம்பெனிக்காரன், பேர் தெரியாது. ராத்திரி முழுக்க ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டுக்கிட்டுக் கிடந்தோம். விடிஞ்சதும் என்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவனைத் தூக்கத் திரும்பிப் போறதுக்குள்ள அந்த இடம் கைமாறிப்போச்சு. என் கால் அங்கயேதான் கிடந்துது. அவனுக்குத் துணைக்கு இருக்குன்னு நெனச்சுக்குவேன். அதனால எவ்வளவு வலிச்சாலும் எனக்கு அது மேல கோபம் வராது."

தமயந்தி இதை அப்படியே நாகபூஷணத்திடம் சொன்னாள். கிழவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முனகினாரா? இன்னா சொன்னாரு?"

"அதை மாமா சொல்லலம்மா. நானும் கேக்கல."

"அது எங்க வூட்டுக்காரருதானான்னு..."

"தெரியலம்மா. நெறையப் பேரு அங்க இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்க" என்றாள் நாகபூஷணம். "யாரா இருந்தா இன்னா. கால் இங்க வந்துட்ட பின்னால, இப்ப அவரு தனியாத்தான கீறாரு?"

அன்று சாயங்காலம் தமயந்தி எண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து காலுக்குத் தேய்த்தாள். இத்தனை காலம் காற்றில் தேய்த்த கைக்கு இப்போது சதையும் எலும்பும் கிடைத்திருந்தன. எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கஜபதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு?" என்றான் கஜபதி. அவன் அப்படிக் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. "ஊருக்கெல்லாம் நீதி சொன்னாரு. எங்களுக்குன்னு அவரு இருந்தது எவ்வளவு நேரம்? இப்பத்தான் எனக்கு அவரோட நடக்கக் கிடைச்சிருக்கு. அதையும் குடுத்துடணுமா?"

"எனக்கு மட்டும் வேணாமா?" என்றாள் தமயந்தி. "என் அப்பா என்கிட்ட ஒரு நாளும், உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்லை. மாமாதான் கேட்டாரு. அவரு போனதுலருந்து சாயங்காலம் ஆனா இந்தக் கையை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. தெருவுல எல்லாரும் மருமகள் நல்லாப் பாத்துக்கிட்டான்னு சொல்றாங்க. யாரு யாரைப் பாத்துக்கிட்டாங்கன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் தேய்த்து முடிக்கும்வரை கஜபதி உட்கார்ந்திருந்துவிட்டு, கால் விரல்களைத் தன் வேட்டி நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"ரயில்ல அனுப்பிடலாமே" என்றான் பிறகு. "அந்தம்மாவுக்கு வயசாச்சு."

"ரயில்ல ஏத்துனா அதுக்கு வழி தெரியாதுங்க. நடந்து வந்த வழிதான் தெரியும்."

ஊரில் இதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. முக்காலி தேக்கில் செய்தாகிவிட்டது, மந்திரி தேதி கொடுத்துவிட்டார் என்று மாசிலாமணி வந்து சண்டை போட்டார். வந்த சீதேவியை யாராவது திருப்பி அனுப்புவார்களா என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். கால் வந்ததிலிருந்து கச்சேரித் தெருவில் ஒரு குடும்பச் சண்டையும் நடக்கவில்லை என்பது உண்மைதான். தமயந்தி ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முடியும்வரை கேட்டாள். மாசிலாமணி காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினார். இன்னும் இருக்கா என்று அவள் கேட்டபோது, "இருந்தது, மறந்துபோச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் முதல்முதல்ல வாதாடினது ஐயா முன்னாடிதான். நாக்கு ஒட்டிக்கிச்சு. தண்ணி குடிச்சிட்டு வாப்பான்னாரு" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

கிளம்பிய நாளில் கோர்ட் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தது. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், கைவிலங்கோடு வந்தவர்களும் அவர்களை அழைத்துவந்த போலீஸ்காரர்களும்கூட, கச்சேரித் தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஜட்ஜையாவிடம் டவாலியாக இருந்த பெருமாள், ஓய்வு பெற்றுக் கண் மங்கிப்போனவர், பழைய சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்து, காலுக்கு முன்னால் நின்று, அந்தக் காலத்தில் கோர்ட் ஹாலுக்குள் நுழையும்போது சொல்வதைப்போல, "உஸ்ஸ்!" என்றார். தெரு அடங்கியது. பெருமாள் முன்னால் நடந்தார். கால் ஒரு அடி வைத்தது, காத்திருந்தது, மறுபடி ஒரு அடி வைத்தது. அது காத்திருந்த ஒவ்வொரு முறையும் பெருமாளும் நின்றார், நாகபூஷணம் நின்றாள், தமயந்தியும் கஜபதியும் நின்றார்கள், பின்னால் வந்த ஊர் மொத்தமும் நின்றது. நாங்கள் எல்லாருமே வராத ஏதோ ஒன்றுக்காக நின்று நின்று நடப்பவர்களைப்போல நடந்து, அந்தச் சின்னத் தெருவைக் கடப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பாலாற்றங்கரையில் தமயந்தி குனிந்து கணுக்காலைத் தொட்டாள். என்ன சொல்வது என்று அவள் முந்தின நாளெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. யாரை வழியனுப்பினாலும் எங்கள் பக்கத்தில் சொல்கிற வார்த்தைதான் வந்தது.

"போயிட்டு வாங்க மாமா."

கால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மணலில் இறங்கியது. நாகபூஷணம் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அதன் பின்னால் இறங்கினாள். மணலில் ஒரே பாதத்தின் சுவடுகளும் அதன் பின்னால் இரண்டு பாதங்களின் சுவடுகளும் எதிர்க்கரைவரை நீண்டுபோனதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு செய்திகள் வந்துகொண்டிருந்தன. பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கு ஊர் போன் செய்து சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே சித்தூரில் ஒரு ஹவில்தார் வீட்டில் சாப்பாடு, கடப்பையில் ஒரு சுபேதார் வீட்டில் படுக்கை என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அவர்கள் மாறிப் போனார்கள். கிருஷ்ணா நதியில் பரிசல்காரன் காலைத் தன் துண்டின் மேல் நிற்கவைத்து அக்கரை சேர்த்தான். நாக்பூரில் ஆரஞ்சு விற்கிற பெண்கள் நாகபூஷணத்துக்கு மடி நிறையப் பழம் போட்டு அனுப்பினார்கள். மொழி தெரியாத ஊர்களில் அவள் காலைக் காட்டுவாள், பிறகு தன் நெற்றிப் பொட்டைக் காட்டுவாள், வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை என்று கேள்விப்பட்டோம். தில்லிக்கு அப்பால் பனி. அங்கே ஒரு சர்தார்ஜி தன் பேரனுக்குப் பின்னிய கம்பளிக் காலுறையைக் காலுக்கு மாட்டிவிட்டார். அன்று எங்கள் ஊரில் தமயந்தி, வெகு நாளைக்குப் பிறகு, பாதம் கதகதப்பாக இருக்கிறது என்று கஜபதியிடம் சொன்னாள். எந்தப் பாதம் என்று அவன் கேட்கவில்லை.

போன் வந்தபோது மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். தமயந்தி அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்திருந்தாள். எண் புதிதாக இருந்தது. முதலில் ஒரு ஆண் ஏதோ பஞ்சாபியில் சொன்னார். பிறகு நாகபூஷணத்தின் குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல வந்தது.

"வந்துட்டோம்மா."

"அதே இடமா?"

"ஆமாம். இன்னும் கரும்புதான் போடறாங்க. ஒசரமா நிக்குது. கால் நேரா உள்ள போயி ஒரு எடத்துல நின்னுச்சு. அப்புறம் படுத்துக்கிச்சும்மா. வந்ததுலருந்து அது படுத்து நான் பாத்ததே இல்ல. நிலத்துக்காரரு நல்லவரு. அந்த எடத்துல வெட்டாம வுட்டுடறேன்னாரு. மண்ணு தோண்டினோம். கீழ ஒரு பித்தளைப் பொத்தான் கிடச்சுது, வேற ஒண்ணும் இல்ல. காலையும் பொத்தானையும் ஒண்ணா வச்சு மூடிட்டோம்."

தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"குளிச்சேன்" என்றாள் நாகபூஷணம். "பொட்ட அழிச்சேன். அழுதேன். வரப்புமேல உக்காந்து அழுதேன். இந்த ஊரு பொம்பளைங்க வந்து கூட உக்காந்து அழுதாங்க. இன்னாத்துக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. ரொட்டி சுட்டுப் போட்டாங்க, சாப்புட்டேன். இப்ப பசிக்குதும்மா, முன்ன மாதிரி இல்ல, நெசமா பசிக்குது."

போனை வைத்துவிடலாம் என்று நாகபூஷணம் சொல்லவில்லை, தமயந்தியும் சொல்லவில்லை. எங்கிருந்தோ சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது.

"அது என்னம்மா சத்தம்?"

"காத்து. கரும்புத் தோகை உரசுது. கேக்கறியா?"

"கேக்குறேன். கொஞ்சம் அப்படியே பிடிச்சுக்கறீங்களா?"

நாகபூஷணம் போனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். சத்தம் பெரிதாக வந்தது. தமயந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். தோகைகள் உரசின, நின்றன, மறுபடி உரசின. அதில் யாரும் பேசவில்லை. ஆனாலும் யாரோ பேச வாயெடுப்பதற்கு முன்னால் இருக்கும் அமைதி ஒவ்வொரு இடைவெளியிலும் இருந்தது. அவள் குழம்பு கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. கஜபதி சாப்பிட வந்தவன், வாசற்படியிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு, வந்து தன் காதையும் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வடக்கே ஆயிரம் மைலுக்கும் அப்பால் ஒரு கிழவி கை வலிக்க வலிக்க போனைக் காற்றில் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.